கைப்பும் சுவையும்: தீவக மக்களும் மரக்கறியுணவும்

உண்பன யாவும் உணவு ஆகா. உடலுக்கு வேண்டியவற்றை வேண்டிய அளவிலே தருவதே உணவு எனப்படும். இவ்வுண்மையை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் உண்கலத்தின் முன்னே அமருங்கால் மனிதனை ஆள்வது அறிவன்று; நாவே ஆகும். சோற்றையும் மீனையும் விரும்பி உண்ணும் ஒருவன் இலைக்கறியைக் கலத்தின் ஓரத்தே ஒதுக்கிவிட்டு எழுதல் எவ்வூரிலும் காணப்படுங் காட்சி. இவ்வெறுப்பு சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. வளர்ந்தோர் பலரும் அதனை வெளிப்படக் கூறாது, சிறிதளவு தொட்டுக்கொண்டு உண்டதாகப் பாவனை செய்வர். மரக்கறி மலிந்த நாட்டிலே இக்குறை ஓரளவு மறைந்து கிடக்கலாம். மரக்கறி அரிதாகக் கிடைக்கும் இடத்திலோ, இல்லாமையும் வேண்டாமையும் ஒன்று கூடி உடலுக்குத் தீங்கு விளைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவகம் அத்தகையதோர் இடமாகும்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய இத்தீவகப் பகுதிகளின் நிலம் சுண்ணக்கல்லின்மேற் படிந்த மெல்லிய மண்படையே. நெடுந்தீவிற் கல்லும் முருகையும் அடுக்கிய வேலிகளைக் காண்போர், அம்மண்ணின் இயல்பினை அவற்றாலேயே உணர்வர். ஆறு என்பது ஈண்டில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப்பருவக்காற்றுத் தரும் மழையே நீரின் மூலம். அம்மழைநீர் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு மென்படையாய் மிதந்து நிற்கும். கிணற்றில் அளவிறந்து நீர் இறைப்பின் நன்னீர் குறைய உவர்நீர் மேலெழும். கோடையிற் பல கிணறுகள் உவர்ப்பெய்துதல் இதனாலேயே. இத்தகைய நிலத்திற் பயற்றங்காய், போஞ்சி முதலிய உவர் பொறாத பயிர்கள் வாடிப்போகும். ஆதலின் மரக்கறியிற் பெரும்பகுதி சுன்னாகம், திருநெல்வேலி முதலிய குடாநாட்டுச் சந்தைகளிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வருதல் வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வன புங்குடுதீவுக் குறிகட்டுவான் துறையில் மீண்டும் படகேறுதல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாரிநாள்களில் நெடுந்தீவுப் படகு ஓடாது நிற்பதும் உண்டு. வழியில் வாடிய கீரையை விலை கொடுத்து வாங்கி, அதனையும் வீட்டார் உண்ணாது ஒதுக்குவராயின், அடுத்த முறை அதனை வாங்க எந்த இல்லாளுக்கும் மனம் வாராது.

தீவக மக்களின் பழைய உணவு எளியதன்று. கடல் மீனும் நண்டும் இறாலும் கணவாயும் தந்தது. பனை ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் தந்தது. ஆடும் மாடும் பால் தந்தன. புரதமும் மாச்சத்தும் இவற்றால் நன்கு நிறைவெய்தின. குறைவுபடக் கூடியன இலைகளும் காய்களும் கனிகளும் தருகின்ற உயிர்ச்சத்துக்களும் நார்ப்பொருளுமே. மீனும் சோறும் வயிற்றை நிரப்பும், பசியைத் தணிக்கும். ஆகையால் இக்குறை உடனே உணரப்படுவதில்லை. பசி அறிவிப்பது போல உயிர்ச்சத்துக் குறைவு தன்னை அறிவிப்பதில்லை.

அது தன்னை அறிவிக்குங் காலம் நோய் வந்த காலமேயாகும். கடலோடிகளின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. பராக்கிரமபாகு மன்னனின் நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டு வணிகரையும் உடைந்த மரக்கலங்களையும் பற்றிப் பேசுகின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. கடலை நம்பி வாழ்ந்த எந்நாட்டவர்க்கும் நெடும்பயணத்திற் புதிய காய்கனி கிடைப்பதரிது. ஐரோப்பிய மாலுமிகளுள் எண்ணற்றோர் ஈறு வீங்கிக் குருதி கசிந்து, பழைய புண்கள் மீண்டும் திறந்து மாண்டனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ‘சாலிஸ்பரி’ என்ற போர்க்கப்பலில் அந்நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணையர்க்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவர் தம் நூலை 1753இல் வெளியிட்டார். எனினும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சஞ்சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இலேதான். அறிந்த உண்மை கலத்திற்கு வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. உணவு விடயத்தில் அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் எத்துணைப் பெரிது என்பதற்கு இதுவொன்றே போதும்.

இன்று அந்நோய் அரிது. ஆனால் வேறு தீங்குகள் உள. விற்றமின் ஏ குறைந்த குழந்தைக்கு அந்திவேளையிற் கண் தெரியாத மாலைக்கண் வருவதுண்டு. இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்குச் சோகை வரும். நார்ப்பொருள் குறைந்தோர் மலச்சிக்கலால் வருந்துவர். மரக்கறியும் பழமும் குறைந்த உணவு இருதய நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் வழிகோலும் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளின் முடிபு. இவை ஒருநாளில் விளைவன அல்ல. இருபது, முப்பது ஆண்டுகளாக ஒதுக்கப்பட்ட கறியின் பயனை ஐம்பதாம் வயதில் உடல் அறுவடை செய்கின்றது.

எவ்வளவு உண்ணல் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் காயும் கனியும் இலையுமாக நாள் ஒன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என விதித்துள்ளது. இஃது 80 கிராம் கொண்ட ஐந்து பங்காகும். சமைத்த மரக்கறியில் மூன்று நிறைகரண்டி ஏறத்தாழ ஒரு பங்கு எனக் கொள்ளலாம். இலங்கையின் உணவு வழிகாட்டி இதனை இன்னும் எளிமையாக்கி, நாள்தோறும் இரண்டு மரக்கறி, ஓர் இலைக்கறி, இரண்டு பழம் என்று கூறும். ஈண்டு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். மரவள்ளி, உருளைக்கிழங்கு, பனங்கிழங்கு முதலியன இக்கணக்கிற் சேரா. அவை சோற்றின் இனத்தைச் சேர்ந்தன, மாச்சத்தே மிகுந்தன. உருளைக்கிழங்குப் பொரியலோடு சோறுண்டவன் மரக்கறி உண்டதாக எண்ணின், அவன் சோற்றுக்குச் சோற்றையே கறியாகக் கொண்டவனாவான். 2015ஆம் ஆண்டு இலங்கையில் நடத்தப்பட்ட கணிப்பில், வளர்ந்தோருட் பத்திற்கு ஏழு பேரளவில் ஐந்து பங்கினை எட்டவில்லை எனக் கண்டனர். ஆதலின் இக்குறை தீவகத்தாரது மட்டுமன்று; நாடு முழுவதற்கும் உரியது.

இனி, மரக்கறியை நா ஏன் வெறுக்கின்றது என்பதனை ஆராய்வாம். முதற் காரணம் கைப்பு. காட்டில் வளரும் நஞ்சுப் பொருள்களுட் பல கைப்புடையன. ஆதலின் கைப்பினை உணர்ந்தவுடன் உமிழ்தல் உயிர் காக்கும் இயல்பாக மனிதனுக்கு அமைந்தது. பிறந்த குழந்தை இனிப்பிற்கு முகம் மலர்தலும் கைப்பிற்கு முகஞ் சுளித்தலும் எவரும் கற்பித்தனவல்ல. மேலும் கைப்பு யாவர்க்கும் ஒரே அளவினதன்று. 1931இல் அமெரிக்க வேதியியலார் ஆதர் பொக்ஸ் தம் ஆய்வுக்கூடத்தில் ஒருவகைத் தூளைக் கையாளுங்கால், அது காற்றிற் பறந்தது. அருகிருந்தவர் அது மிகக் கைக்கின்றதென்றார். பொக்சுக்கோ சுவையே தெரியவில்லை. இவ்வேறுபாடு பரம்பரை வழி வருவதெனப் பின்னர் அறியப்பட்டது. 2003இல் அதற்குரிய மரபணுவும் காணப்பட்டது. கோவா முதலிய சில மரக்கறிகளின் கைப்பினைச் சிலர் மிகுதியாக உணர்தற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஒரே குடும்பத்தில் ஒருவன் விரும்பும் கறியை மற்றொருவன் வெறுத்தல் பிடிவாதம் என்று மட்டுங் கூறி ஒதுக்கத்தக்கதன்று. அவன் நாவில் அக்கறி உண்மையாகவே வேறு கறி.

இரண்டாவது காரணம் புதுமைக்கு அஞ்சுதல். ஏறக்குறைய இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் முன் அறியாத உணவினை ஐயுறுவர். நேற்று வரை உண்ட கறியைக்கூட இன்று மறுப்பர். தாய்மார் பலர் இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்த்து, ‘பிள்ளைக்கு இது பிடியாது’ எனக் கைவிடுகின்றனர். ஆராய்ச்சியாளர் கண்டதோ வேறு. ஒரு புதிய உணவினைக் குழந்தை ஏற்பதற்கு எட்டு முதல் பதினைந்து முறை வரை சிறுசிறு அளவில் அதனைச் சுவைத்தல் வேண்டியிருக்கலாம். மூன்றாம் முறையிற் கைவிட்ட தாய் பாதி வழியிலேயே திரும்பியவளாகின்றாள்.

இப்பழக்கம் தொட்டிலுக்கும் முன்னரே தொடங்குகின்றது என்பது வியப்புக்குரியது. தாய் உண்ணும் உணவின் மணம் கருவைச் சூழ்ந்த நீரிலும், பின்னர்த் தாய்ப்பாலிலும் கலக்கும். கருவுற்றகாலத்திலோ பாலூட்டுங்காலத்திலோ கரட் சாறு பருகிய தாய்மாரின் குழந்தைகள், பின்னர்க் கரட் கலந்த உணவினைக் குறைந்த வெறுப்போடு ஏற்றனர் என 2001இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்னும் பழமொழி இவ்வகையிற் குறைவாகவே கூறியது எனலாம்.

மூன்றாவது காரணம் சமையல். வெண்டிக்காயின் வழுவழுப்பினை வெறுப்போர் அதன் சுவையை வெறுப்பதில்லை. நெடுநேரம் அவித்த கோவாவில் எழும் கந்தக மணமே பலரை அகற்றுகின்றது. குழைய வேகவைத்த கத்தரிக்காயைத் தள்ளுவோர், அதனையே பொரித்துக் குழம்பிலிட்டால் மகிழ்ந்துண்பர். ஆகையால் மரக்கறியை வெறுக்கும் ஒருவன் முதலிற் செய்யத்தக்கது, தான் வெறுப்பது எதனை என்று பகுத்தறிதலாகும். கைப்போ, மணமோ, வழுவழுப்போ, நாரோ, பழக்கமின்மையோ என்பது தெளிந்தால் மருந்தும் தெளியும். ‘மரக்கறியே பிடியாது’ எனப் பொதுப்படக் கூறுவோர் பெரும்பாலும் மூன்று நான்கு மரக்கறிகளையும் அவற்றைச் சமைக்கும் ஒரே முறையையுமே அறிந்தவராவர்.

கைப்பினை வெல்லும் கலை தீவகத்தார்க்குப் புதியதன்று. பனையை நம்பி வாழ்ந்த மக்கள் கைப்பினை அறியாது வாழ்ந்திரார். பச்சைக் கிழங்கைக் காயவைத்துப் பெறும் ஒடியல் கைப்புடையது. அதன் மாவினை நீரில் ஊறவிட்டு வடித்தே கூழுக்கும் பிட்டுக்கும் கொள்வர். பனம்பழக் களியிலும் பிளபெல்லிபெரின் என்னுங் கைப்புப்பொருள் உண்டு. அக்களியை மாவும் சீனியுஞ் சேர்த்துப் பணியாரமாகச் சுட்டு உண்பர். வேப்பம்பூவோ கைப்பின் உருவமேயாகும். அதனையும் உழுந்தோடு சேர்த்து வடகமாக்கி, வெயிலிற் காயவைத்துப் பொரித்துச் சோற்றுக்குச் சுவைகூட்டினர். அறுசுவையிற் கைப்பினையும் ஒன்றாக எண்ணிய மரபினர், அதனை ஒழிக்க முயலவில்லை, அளவுக்குள் அடக்கினர். அடக்கப்பட்ட கைப்பு சுவையாயிற்று.

அவ்வடக்கும் முறைகளுக்கு இன்று அறிவியற் சான்றும் உண்டு. சிறிதளவு உப்பு கைப்பினை மறைத்துப் பிற சுவைகளை மேலெழச் செய்யும் என்பது 1997இல் ஆய்வாற் காட்டப்பட்டது. பாகற்காயை வெட்டி உப்பிட்டுப் பிசைந்து பிழிந்த பின்னர்ப் பொரித்தெடுத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப்புளியும் சேர்க்கும் யாழ்ப்பாணச் சம்பல், இந்நெறிகள் பலவற்றை ஒருங்கே கொண்டது. உப்பு கைப்பினைத் தணிக்கும். பிழிதலாற் கைப்புச்சாறு ஓரளவு நீங்கும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாவினை மூடி மென்மையாக்கும். புளி மனத்தை வேறு சுவையின்பால் திருப்பும். கொழுப்பினால் மற்றொரு பயனுமுண்டு. பச்சை இலையிலும் மஞ்சட் பூசணியிலும் உள்ள கரட்டீன், உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவதாகும். சிறிதளவேனும் கொழுப்பு உடன் இருந்தாலன்றி அது நன்கு உறிஞ்சப்படாது. எனவே இலைக்கறியிற் சேர்க்கும் தேங்காய்ப்பூ வீண் செலவன்று. உப்பினை மட்டும் அளவறிந்து இடுதல் வேண்டும். நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணல் நன்று. கருவாடு உண்ணும் நாளிற் பிற கறிகளின் உப்பினைக் குறைத்தல் அறிவுடைமை.

விரும்பும் உணவோடு விரும்பாத உணவினைக் கூட்டுதல் இரண்டாவது முறை. நாவு ஒரு சுவையை விரும்பின், அதனோடு வந்த மற்றொரு சுவையையும் நாளடைவில் விரும்பப் பழகும். தீவகச் சமையலில் இதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய உள. நண்டுக்கறி இறக்கும் வேளையில் முருங்கையிலையை இடுதல் வழக்கம். முருங்கைக்காயோடு இறாலும், கத்தரிக்காயோடு கருவாடும் கூடிவரும். ஒடியற்கூழோ ஒரு பாத்திரத்தில் அடங்கிய பெருவிருந்து. மீன், நண்டு, இறால் முதலியவற்றோடு பயற்றங்காயும், பலாக்கொட்டையும், முருங்கையிலையும், பழப்புளியும், செத்தல் மிளகாயும் அதிற் சேரும். இலைக்கறியைத் தனியே இட்டால் தீண்டாத சிறுவன், கூழில் அதே இலையைப் பிளாவோடு பருகிவிடுகின்றான். ஒடியற்பிட்டிலும் அரிசிமாப் பிட்டிலும் கீரையை நறுக்கிச் சேர்த்து அவித்தல் மற்றொரு வழி. முசுட்டை, முருங்கை, பசளி முதலியன இதற்கு ஏற்றன. பருப்போடு கீரையைக் கூட்டுதல் எளியார் வீட்டிலும் இயல்வது.

இவ்வாறு மறைத்து ஊட்டுதல் போதுமோ என்பது ஒரு வினா. அளவினை நிறைவு செய்தற்கு அது போதும். பழக்கத்தை உண்டாக்குதற்குப் போதாது. தான் உண்பது இன்ன இலை என்று அறியாதவன் அதனை விரும்பக் கற்பதில்லை. ஆதலின் கூழிற் கலந்தும் ஊட்டுக. கலத்தின் ஓரத்தே ஒரு கரண்டி வறையாக வெளிப்படவும் இடுக. முன்னது உடலுக்கு, பின்னது நாவின் கல்விக்கு.

அவ்வறையினைச் செய்யும் முறையும் கூறத்தக்கது. முருங்கையிலையைக் காம்பு நீக்கி இணுங்கிக் கழுவிக்கொள்ளல் வேண்டும். வெங்காயமும் பச்சைமிளகாயும் சிறிது எண்ணெயில் வதங்கியபின் இலையை இட்டு, உப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்துக் கிளறுக. நீர் வேண்டுவதில்லை. சில நிமிடத்தில் இலை சுருங்கும். அப்பொழுது தேங்காய்ப்பூவைத் தூவிக் கிளறி இறக்குக. இறக்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி விடுக. விற்றமின் சீ வெப்பத்தால் அழிவதாகலின் அடுப்பிலிருக்கும்போது புளி விடுதல் அதன் பயனைக் குறைக்கும். அவ்விற்றமின் இலையிலுள்ள இரும்பு உடலிற் சேர்தற்கும் துணைசெய்யும். உணவோடு தேநீர் பருகுதலோ அவ்விரும்பினைத் தடுக்கும். 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும், 185 மில்லிகிராம் கல்சியமும், 50 மில்லிகிராம் விற்றமின் சீயும் உள. வேலியில் நிற்கும் ஒரு மரம் தருவது இது. வல்லாரையைச் சமைக்காது அரிந்து தேங்காய்ப்பூவும் புளியும் கூட்டிச் சம்பலாக்கின், வெப்பத்தாலாகும் இழப்பு முற்றும் நீங்கும். எந்த இலையையும் கழுவிய பின்னரே நறுக்குதலும், வெந்த நீரினைக் கொட்டாது சொதிக்குக் கொள்ளுதலும் நீரிற் கரையும் சத்தினைக் காக்கும்.

இனி ஒருநாட் கணக்கினைப் பார்ப்பாம். காலையிற் கீரை கலந்த பிட்டோடு ஒரு வாழைப்பழம் உண்டால் இரண்டு பங்கு. நண்பகலிற் சோற்றோடு இலைவறை ஒன்று, பூசணியோ கத்தரியோ கொண்டு ஆக்கிய கறி ஒன்று, மீன்குழம்பிலே முருங்கைக்காயோ வெண்டிக்காயோ ஒன்று எனக் கொண்டால் மூன்று பங்கு. ஐந்தும் நிறைந்தன. மாலையில் ஒரு கொய்யாப்பழமோ பப்பாசித் துண்டோ உண்டால் அது மேல்மிகை. கொய்யா விற்றமின் சீ மிக்கது. மரக்கறியை மிக வெறுப்போர் பழங்களால் இக்கணக்கினைத் தொடங்கலாம். ஆயினும் பழம் இலைக்கறிக்கு முழு ஈடாகாது என்பதனை மறத்தலாகாது. தொடக்கத்தில் ஐந்தினையும் ஒருங்கே மேற்கொள்ள முயல்வோர் சில நாளிற் சோர்ந்து கைவிடுவர். நாள்தோறும் ஒரு பங்கு என்று தொடங்கி, அது பழகிய பின் மற்றொன்றைக் கூட்டுதலே நிலைக்கும்.

உண்ண விரும்பினும் கிடைத்தல் வேண்டுமே எனின், அதற்கும் வழி உண்டு. தீவக நிலத்திற்குப் பொருந்தாத பயிர்களை வருந்தி வளர்ப்பதினும், பொருந்துவனவற்றைப் பேணுதல் நன்று. முருங்கை வறட்சியைப் பொறுக்கும். கிளை நட்டாலும் வளரும். முசுட்டை வேலியிற் படரும். பொன்னாங்காணி கிணற்றடி ஈரத்தில் தானே தழைக்கும். குளிக்கும் நீர் வீணாகாது வாழைக்கும் கீரைக்கும் பாயும்படி வாய்க்கால் வைத்தல் முன்னோர் கண்ட சிக்கனம். பீற்றூட் உவர்ப்பினை ஓரளவு பொறுப்பது. மாரி பிறந்தவுடன் சாரணை முதலிய இலைகள் விதைப்பாரின்றியே முளைக்கும். இவற்றை நன்கறிந்த முதியோர் ஊர்தோறும் இருந்தனர். 1990ஆம் ஆண்டையடுத்த போர்க்காலத்தில் தீவக மக்களிற் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர். வேலணையிலும் புங்குடுதீவிலும் பல வளவுகள் பாழாயின. வீடும் கிணறும் அழிந்ததை யாவரும் கண்டனர். எவ்விலை உண்ணத்தக்கது, எவ்விலை எம்மாதத்திற் கைக்கும் என்னும் அறிவு பாட்டியரோடு மறைந்ததைக் கண்டோர் சிலரே. அவ்வறிவு உள்ள முதியோரிடம் இளையோர் கேட்டறிதல் இன்றியமையாதது. படகு ஓடாத நாள்களுக்கெனக் கத்தரி, பாகல் முதலியவற்றை வற்றலாக்கி வைத்தலும் நன்றே. வற்றலில் விற்றமின் சீ குறையுமாதலின் அதனோடு சிறிது பச்சிலையும் உண்ணல் வேண்டும்.

பழக்கம் தனியே உண்டாவதன்று, கூட்டத்தில் உண்டாவது. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மச்சத்தை நீக்கி மரக்கறியே உண்ணும் வழக்கம், ஆன்ம நெறியோடு உடல்நலத்தையும் காத்துவந்தது. நயினாதீவு நாகபூசணியம்மன் கோயிற் பெருந்திருவிழாக் காலத்தில் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் வரிசையாக அமர்ந்து உண்ணும் சிறுவரை நோக்குவோர் ஓர் உண்மையை அறியலாம். வீட்டிற் பூசணியை விலக்குபவன் அங்கே அதனைக் கேட்டு வாங்கி உண்கின்றான். அருகிருப்போர் உண்கின்றனர், பசி உண்டு, ‘உண்’ என்று எவரும் அதட்டுவதில்லை. இம்மூன்றும் வீட்டிலும் அமைதல் கூடும். தந்தை உண்ணாத கறியை மகன் உண்ணான். சிற்றுண்டி நிறைந்த வயிறு மரக்கறியைத் தேடாது. அதட்டி ஊட்டிய கறியோ வாழ்நாள் வெறுப்பாக முதிரும். ‘கீரையைத் தின்றால் இனிப்புத் தருவேன்’ என ஆசை காட்டுதலும் தீது. கீரை துன்பம், இனிப்பே இன்பம் என்னும் பாடத்தையே அது கற்பிக்கும். சிறிதளவு இடுதல், உண்ணாவிடின் வாளா எடுத்தல், மறுநாள் மீண்டும் இடுதல் என்பனவே ஆராய்ச்சியும் அனுபவமும் ஒருங்கே ஒப்பும் முறைகளாம்.

தீவகத்திலிருந்து கனடா, இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளிற் குடியேறியோர் வீடுகளிலும் இப்பிரச்சினை உண்டு. ஆங்கு மரக்கறிக்குப் பஞ்சமில்லை, பழக்கத்துக்கே பஞ்சம். முருங்கையிலை கிடைக்காவிடினும் ஸ்பினாச்சுக் கீரையைத் தேங்காய்ப்பூவோடு வறையாக்கலாம். முறை தெரிந்தவனுக்கு இலை மாறினும் கறி மாறுவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் ஈண்டு வேண்டப்படும். சிறுநீரக நோயாளர்க்குச் சில காய்களிலும் இலைகளிலும் உள்ள பொற்றாசியம் தீங்காகலாம். குருதி உறையாதிருக்க வோபரின் மருந்து உண்போர் இலைக்கறியின் அளவினைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ ஆகாது. இவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவினை மாற்றுதல் வேண்டும். ஏனையோர்க்கு அத்தகைய தடை இல்லை.

நாவின் வெறுப்பு இயற்கையானது. ஆயினும் மாற்ற இயலாததன்று. கைக்கும் ஒடியலைக் கூழாக்கியும் வேம்பின் பூவை வடகமாக்கியும் உண்ட மக்களின் வழித்தோன்றல்கள், வேலியில் நிற்கும் முருங்கையிலையைக் கண்டு முகஞ் சுளித்தல் பொருந்துமோ? பஞ்சமும் கடலும் உவர்நீரும் அவர்களை வெல்லவில்லை. ஒரு கரண்டி இலைக்கறி கலத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவேண்டிய தூரம் ஒரு சாணுமில்லை. அத்தூரத்தைக் கடத்தற்குப் பதினைந்து முறை முயலவேண்டின், பதினைந்து முறையும் முயலுக. பதினாறாம் நாள் கலம் தானே வெறுமையாகும்.